பத்து மணிப் பூசை

– மாவு தேய்க்கிற கட்டையா? டேய் ஃபின்டன், நாளைக்கு அம்மாவோட சவப்பெட்டிக்கு முன்னாடி நீ கட்டையைத் தூக்கிட்டு நடக்கப் போறியா?

– ஏன், நடந்தா என்ன? அம்மான்னாலே அவங்க சுடற ஆப்பிள் டார்ட்தான். இந்தப் பக்கத்துல யாரை வேணா கேளுக்கா. போன மாசம் கார்மடி கிழவனோட அடக்கப் பூசையில அவன் நினைவா டிவி ரிமோட்டைக் கொண்டு போய் பீடத்துல வெச்சாங்க. ரிமோட்டும், குதிரைப் பந்தயப் பேப்பரும். ஃபாதர் மூஞ்சியை நீ பாத்திருக்கணும்.

– அதனாலதான் இப்ப மூணு பொருளுக்கு மேல கூடாதுங்கறார்.

– மூணு போதுமே. கட்டை ஒண்ணு. பேரப்பிள்ளைங்க போட்டோ ஒண்ணு. அப்பாவுக்குப் பின்னிக் குடுத்த ஸ்வெட்டர் ஒண்ணு. முடிஞ்சுது. வா, முன்னறையில ஆளுங்க நிக்கிறாங்க, சாண்ட்விச் தட்டு காலி.

– இரு. நீ சொன்னதையே திருப்பிப் பாரு. நமக்கு சமைச்சது, நமக்குப் பிள்ளை வளத்தது, அப்பாவுக்குப் பின்னினது. இதுல அம்மா எங்கடா? மூணுல ஒண்ணாவது அவங்களோடதா இருக்க வேணாமா?

– சரி, அவங்களுக்குன்னு என்ன பிடிக்கும், சொல்லு. தேங்காய் மிட்டாய் பிடிக்கும்.

– பிடிக்கும்னு யாரு சொன்னா?

– கிறிஸ்மஸ் டப்பாவுல அதை மட்டும்தானே சாப்பிடுவாங்க.

– நாம அதைத் தொட மாட்டோம். மிஞ்சினதை அவங்க சாப்பிட்டாங்க. அவ்வளவுதான்.

– அட போக்கா. இப்படி ஒவ்வொண்ணா தோண்டினா கடைசியில பெட்டியை மட்டும்தான் கொண்டு போகணும்.

– அதனாலதான் நான் இதை எடுத்து வெச்சிருக்கேன். அவங்க பூசைப் புத்தகம். நமக்காக இல்லாம அவங்க செஞ்சது இது ஒண்ணுதான். பாட்டி படுக்கையில விழுந்த காலத்துல இருந்து, தினமும் காலையில காரை எடுத்துட்டு பத்து மணிப் பூசைக்குப் போவாங்க. மழையோ காத்தோ, நிக்கல. அந்த ஒரு மணி நேரம் யார் கேட்டாலும் கிடையாது.

– நீ கேட்டே, கிடைக்கல. ஊருக்கே கேட்டுச்சு.

– தெரியும். சொல்லிக் காட்டாதே.

– சொல்லிக் காட்டல. நீ போட்ட சத்தத்துல என் மாடு பால் சுரக்கல, அதைச் சொன்னேன்.

– போன வருஷம் ஆகஸ்ட்ல டப்ளின்ல இருந்து வந்து, ஒன்பதரைக்கு ரெண்டு பிள்ளைங்களையும் வாசல்ல நிறுத்தினேன். எனக்கு பத்து மணிக்கு லேப்டாப்புல ஆபீஸ் மீட்டிங். ஒரு நாள், ஒரே ஒரு நாள் பூசையை விடுங்கம்மான்னேன். பதினோரு மணிக்குக் கொண்டு வா கிரானியான்னாங்க. உங்களுக்குப் பேரப்பிள்ளைங்களைவிட அந்த மர பெஞ்சுதான் பெருசுன்னு கத்தினேன். ஒண்ணுமே சொல்லல. காரை எடுத்துட்டுப் போயிட்டாங்க. இந்தக் கோடைக்கு நான் வரவே இல்ல ஃபின்டன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன். அவங்க அடுப்புக்கு முன்னாடி நின்னபடியே போயிட்டாங்க.

– சரி, அழாதே. பக்கத்து வீட்டு பிரீடா உள்ள வந்தா நம்ம ரெண்டு பேருக்கும் விஸ்கி ஊத்திடுவா.

– நாளைக்கு இந்தப் புத்தகத்தை நான் கையில எடுத்துட்டுப் போறேன். ஊரே பாக்கட்டும். மன்னிப்புக் கேக்க எனக்கு வேற வழி தெரியல.

– எடுத்துட்டுப் போ. யாரு வேணாம்னா? ஆனா கட்டையும் வரும்.

– உள்ள வரலாமா?

– வாங்க ஃபாதர் மோரன். உக்காருங்க. டீ போடட்டுமா?

– ஐயோ, வேணாம்மா. முன்னறையில ஆளாளுக்கு ஒரு கோப்பை கையில குடுத்துட்டாங்க. நாளைக்குப் பூசையைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசிட்டு, செபமாலை ஆரம்பிச்சுடலாம்னு வந்தேன். பொருள் மூணும் முடிவு பண்ணியாச்சா? ரிமோட் ஏதும் இல்லையே?

– இல்ல ஃபாதர். கட்டைதான்.

– கட்டையா?

– மாவு தேய்க்கிற கட்டை ஃபாதர். அவனை விடுங்க. நான் அம்மாவோட பூசைப் புத்தகத்தைக் கொண்டு வரேன். பிரசங்கத்துல நீங்க அதைச் சொல்லணும். முப்பது வருஷம், வார நாள்ல ஒண்ணு விடாம பத்து மணிப் பூசைக்கு வந்தாங்கன்னு.

– பாருங்க... அதைச் சொல்ல வேணாமே. நல்ல மனைவி, நல்ல தாய், நல்ல பாட்டின்னு சொல்றேன். அது போதும்.

– அது எல்லாச் சாவுக்கும் சொல்றதுதானே? இது அவங்க மட்டும் செஞ்சது.

– தப்பா எடுத்துக்காதீங்க கிரானியா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நான் இந்தப் பங்குக் கோயிலுக்கு வந்து நாலு வருஷம் ஆகுது. ஞாயித்துக்கிழமை உங்க அப்பாவோட வருவாங்க. வார நாள்ல நான் அவங்களைப் பாத்ததே இல்ல. இந்த வருஷம் தவக்காலம் வரைக்கும்.

– யாரைச் சொல்றீங்க? டெலியாவை, எங்க அம்மாவைத்தானே?

– அவங்களைத்தான். தவக்காலத்துல ஒரு நாள் திடீர்னு வந்தாங்க. அப்புறம் ஒரு நாள் விடல, அதை நான் பீடத்துல நின்னு சத்தியமா சொல்வேன். கடைசி பெஞ்சு. நிமிர்ந்து உக்காருவாங்க. பாருங்க, என் பூசைக்கு வர்றது பத்துப் பேரு. பிரசங்கம் ஆரம்பிச்சா ஒன்பது பேரு தூங்கிடுவாங்க. உங்க அம்மா ஒருத்தங்கதான் கண்ணை மூடினதே இல்ல. நமக்குன்னு கேக்க ஒரு ஆள் இருக்காங்கன்னு நினைச்சுக்குவேன்.

– அதுக்கு முன்னாடி? தினமும் காரை எடுத்துட்டுப் போவாங்களே ஃபாதர். நான் சின்னப் பையனா இருந்தப்ப இருந்து ஜன்னல்ல பாத்திருக்கேன்.

– எங்க போனாங்கன்னு எனக்குத் தெரியாது ஃபின்டன். பூசைக்கு வரலைங்கறது மத்த ஒன்பது பேருக்கும் தெரிஞ்சிருக்கும். யாரும் வாயைத் திறக்கல, நல்லவங்க. நாளைக்கு நான் முப்பது வருஷம்னு சொன்னா, அவங்க எல்லாம் தலையைக் குனிஞ்சுக்குவாங்க. அந்த நேரத்துல உங்க அம்மாவுக்கு அது வேணாம். புத்தகத்தை நீங்க கொண்டு வாங்க, நான் ஒண்ணும் சொல்லாம வாங்கி வெச்சுக்கறேன். சரி, முன்னறையில காத்திட்டிருக்காங்க. வரட்டுமா?

– போயிட்டு வாங்க ஃபாதர்னு சொல்லுடா.

– நீ சொல்லு. நான் கதவைத் திறந்து விடறேன்.

– போயிட்டாரு. ஃபின்டன், இத்தனை வருஷத்துல நீ ஒரு நாள்கூட வார நாள் பூசைக்குப் போனதில்லையா?

– நான் ஞாயித்துக்கிழமையே போறதில்ல. நீ?

– நானும்தான். கிறிஸ்மஸுக்கு மட்டும்.

– அக்கா, கேக்கறேன்னு அடிக்காதே. வேற யாராவது... ஆளு...

– வாயைக் கழுவு! பக்கத்து அறையில அம்மாவைக் கிடத்தியிருக்கு.

– அப்ப எங்கதான் போனாங்க? கடை கண்ணியெல்லாம் மதியானம்தான் போவாங்க. சொந்தம்னு யாரும் உயிரோட இல்ல.

– எங்க போனாங்கன்னு நான் கேக்கல. நான் வாசல்ல பிள்ளைங்களோட நின்னேன். அவங்களுக்குப் பூசை இல்ல. கடவுளும் இல்ல. என் பிள்ளைங்களைச் சும்மாவே வேணாம்னு விட்டுட்டுப் போயிருக்காங்க. இந்தக் கோடை பூரா நான் கடவுள் மேல கோவமா இருந்தேன்டா. அது பரவால்ல. இப்ப நான் யார் மேல கோவப்படறது?

– அப்பா வர்றார். கண்ணைத் துடை.

– டீத்தூள் எங்க வெச்சிருக்கா உங்கம்மா? பிரீடா கேக்கறா.

– ரொட்டி டப்பாவுக்குப் பின்னாடிப்பா.

– ம். இந்த அடுப்படிக்கு அம்பது வருஷமா வந்து போறேன். இது தெரியல பாரு. என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?

– அப்பா, ஃபாதர் ஒண்ணு சொன்னார். அம்மா பத்து மணிப் பூசைக்குப் போகவே இல்லைன்னு.

– சொல்லிட்டாரா. ம். இருக்கட்டும்.

– உங்களுக்குத் தெரியுமா?

– கதவைச் சாத்து ஃபின்டன்.

– சாத்திட்டேன். சொல்லுங்கப்பா. எங்க போனாங்க?

– தூங்கப் போனா.

– என்னது?

– பழைய படகுத்துறைக்குக் கீழ காரை நிறுத்திட்டு, பின்சீட்டுல படுத்துத் தூங்குவா. ஷூவைக் கழட்டிடுவா. கட்டம் போட்ட போர்வை ஒண்ணு இருந்துச்சு. அவ்வளவுதான் பொண்ணே. வேற ஒண்ணும் இல்ல.

– உங்ககிட்ட சொன்னாங்களா?

– அவளா சொல்வா? நான்தான் பாத்தேன். எங்கம்மா படுத்த படுக்கையா கிடந்த வருஷம். கிழவியை ராத்திரி நாலு தடவை இவதான் புரட்டிப் போடணும். ஒரு நாள் காலையில மாடு ஒண்ணு கன்னு போட முடியாம தவிக்குது. ஒத்தை ஆளா இழுக்க முடியல. இவளைக் கூப்பிடக் கோயிலுக்கு ஓடினேன். இல்ல. திரும்பி வர்ற வழியில படகுத்துறையில காரைப் பாத்தேன். வாயைத் திறந்துட்டுத் தூங்கறா. கல்யாணமாகி அவ தூங்கி நான் பாத்ததில்ல. எனக்கு முன்னாடி எழுந்துடுவா, எனக்கு அப்புறம்தான் படுப்பா.

– எழுப்பினீங்களா?

– இல்ல.

– அப்ப அந்தக் கன்னு?

– போச்சு.

– மாட்டு டாக்டர் லேட்டா வந்ததாலன்னு சொன்னீங்களேப்பா! நான் ஒரு வாரம் அழுதேன் அதுக்கு.

– வேற என்னத்தைச் சொல்ல? மறுநாள்ல இருந்து அவ கீழ இறங்கினப்புறம் டிராக்டரைக் கொண்டு போய் படகுத்துறைச் சந்து முனையில குறுக்க நிறுத்திட்டு உக்காந்துப்பேன். சிப்பி பொறுக்கறவன், ஊர் சுத்திப் பாக்க வந்தவன் எவனும் கீழ இறங்கக் கூடாதுன்னு. பூசை முடியற நேரத்துக்கு முன்னாடி வண்டியை எடுத்துடுவேன். அவளுக்குத் தெரியாது.

– பத்து மணிக்கு நடு ரோட்டுல டிராக்டரைப் போட்டுட்டுப் பேப்பர் படிக்கிறான் சோம்பேறின்னு ஊரே உங்களைத் திட்டுமே!

– பேப்பரும் படிச்சேன். பொய் சொல்லக்கூடாது.

– வீட்டுல தூங்கியிருக்கலாமேப்பா. இவ்வளவு பெரிய வீடு.

– இந்த வீட்டுலயா? எங்கம்மா இருந்தவரைக்கும் பகல்ல படுத்தா ஒண்ணு நோயாளி, இல்ல சோம்பேறி. டெலியா எதுக்கு வெளிய கிளம்பினாலும் கிழவி ஒரு சொல்லு வெச்சிருப்பா. பூசைக்கு மட்டும்தான் அவகிட்ட சொல்லு கிடையாது. அப்புறம் கிழவி போனா, நீங்க இருந்தீங்க. நீங்க போனீங்க, என் நெஞ்சு இருமல் வந்துச்சு, ராத்திரி பூரா. ஸ்கூல் விட்டா ஃபின்டன் பிள்ளைங்க. கோடைக்கு உன் பிள்ளைங்க. யார் மேலயும் தப்பு சொல்லல கண்ணு. அவளும் சொல்லல.

– நான் வாசல்ல நின்னு கத்தின அன்னிக்கும்...

– அன்னிக்கும் நான் சந்து முனையிலதான் இருந்தேன். கார் வேகமா இறங்கறதை வேலி மறைவுல நின்னு பாத்தேன். ஆனா தூங்கிட்டா. நான் பாத்தேன். தூங்கிட்டா.

– எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

– என்னன்னு சொல்ல? உங்கம்மா களைச்சுப் போயிருக்கான்னா? அதைச் சொன்னா நீ அழுதுட்டு அவளுக்கு போன் பண்ணுவே. அவ உன்னைச் சமாதானப்படுத்தணும். அதுக்கு வேற ஒரு மணி நேரம் போகும்.

– அக்கா, உக்காரு. இந்தா, தண்ணி குடி.

– அந்தப் போர்வை இன்னும் காருல இருக்காப்பா? நாளைக்கு அதை நான் எடுத்துட்டு வரேன். இந்தப் புத்தகம் வேணாம்.

– கூடாது. எத்தனை பேர் முன்னாடி! அவ பெட்டிக்குள்ளயே கூசிப் போவா. நீ புத்தகத்தையே எடுத்துட்டுப் போ.

– அது பொய்யில்லையா?

– தவக்காலத்துக்கு அப்புறம் பொய் இல்லையே. ஃபாதரே சொல்லியிருப்பாரு.

– அதான் எனக்குப் புரியலப்பா. இத்தனை வருஷம் படகுத்துறைக்குப் போனவங்க, திடீர்னு எதுக்குக் கோயிலுக்குப் போனாங்க? கடைசி பெஞ்சுல கண்ணைக்கூட மூடாம உக்காந்திருந்தாங்களாம்.

– இருக்கட்டும். டீத்தூளை எடு, பிரீடா காத்திட்டிருக்கா.

– அப்பா. சொல்லுங்க.

– தவக்காலத்துல அன்னிக்குக் கடும் பனி. கார் கண்ணாடி எல்லாம் வெள்ளையா உறைஞ்சு கிடந்துச்சு. இந்த வயசுல இப்படிக் குளிர்ல கிடக்கறாளேன்னு எனக்கு மனசு கேக்கல. டிராக்டரை விட்டு இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். எனக்கு எல்லாம் தெரியும் டெலியா, வீட்டுக்கு வா, நம்ம கட்டில்ல படு, யாரும் உன்னை எழுப்பாம நான் பாத்துக்கறேன்னேன்.

– அம்மா என்ன சொன்னாங்க?

– தலைமுடியை ஒதுக்கிக்கிட்டா. குனிஞ்சு ஷூவைப் போட்டா. "பூசைக்கு நேரமாச்சு மார்ட்டின்"னா. அன்னியில இருந்து நிஜமாவே பூசைக்குப் போக ஆரம்பிச்சுட்டா. படகுத்துறைப் பக்கம் அப்புறம் வரவே இல்ல.