பெரியவர் கொடுத்த எண்

"பெரியவரை ஒரே ஒரு நாள் நிறுத்தி வையுங்க டாக்டர். ஆளைப் பார்த்து உள்ளே அனுப்புங்க."

இதை மட்டும் கேட்காதே என்று வேலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். கேட்டேன்.

பெரியவர் என்று நாங்கள் சொல்வது ஆஸ்பத்திரி வரவேற்பிலுள்ள கணினியை. நோயாளி சொல்வதை நான் பதிவு செய்வேன். யாரை முதலில் பார்ப்பது என்று அது வரிசை எண் கொடுக்கும். நர்ஸ் அக்கா காலையில் அதன் திரையைத் துடைத்த பிறகுதான் தன் கைப்பையையே கீழே வைப்பார்.

டாக்டர் சிரித்தார். "நாலு எழுத்து படிச்சதும் பெரியவரையே கேள்வி கேக்குறியாம்மா?"

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். வாயைப் பொத்திக்கொண்டு நம்புவதற்கா படித்தேன்? ஒரு தடவை அது தவறினால் இவர்களுக்குக் கண் திறக்கும் என்று காத்திருந்தேன். மூன்று மாதமாகியும் தவறவில்லை.

பிறகு ஒரு நாள் தையற்கார அக்கா ஒருவர் வந்தார். "நெஞ்சு மேல யானை ஏறி உக்காந்த மாதிரி இருக்கு கண்ணு. சீக்கிரம் அனுப்பு, யூனிபார்ம் அஞ்சு பாக்கி கெடக்கு."

நெஞ்செரிச்சல் என்று பதிந்தேன். வியர்வை இல்லை என்று பதிந்தேன். அவருக்கு ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

பெரியவர் நாற்பத்தொன்று கொடுத்தார்.

யாராவது அந்த முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் போதும். நர்ஸ் அக்கா இரண்டு முறை கடந்து போனார். திரையைத்தான் பார்த்தார். நான் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், முக்கால் மணி நேரம். டாக்டர் அறை நாலு எட்டில் இருந்தது. இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று உட்கார்ந்திருந்தேன். தையற்கார அக்கா நாற்காலியிலேயே சரிந்தார்.

இன்று விசாரணை. கண்காணிப்பாளர் ஒரு காகிதத்தை நகர்த்தினார்.

"பெரியவர் மேல தப்பே இல்ல. நீ குடுத்ததுக்குச் சரியாத்தான் எண் போட்டிருக்கார். கைதவறிப் பதிஞ்சுட்டேன்னு கையெழுத்துப் போடு. வேலை போகாது."

டாக்டர் தலையாட்டினார். அவர்கள் நம்பிக்கையில் ஒரு கீறல்கூட விழவில்லை. அவர்களாவது அதைக் கும்பிட்டதோடு சரி. பலி கொடுத்தவள் நான்.

"கை தவறல சார். தெரிஞ்சேதான் பதிஞ்சேன்."

"மெதுவாப் பேசு. அவ புருஷன் வெளியில உட்கார்ந்திருக்கான்."

காகிதத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

"ஏய், அந்த ஆளுகிட்ட என்னத்தச் சொல்லப் போற?"

"யார் கொன்னாங்கன்னு."

கதவைத் திறந்து வெளியே வந்தேன்.