ஐந்து மில்லிமீற்றர் துளை

டென்மார்க்கில் மலை கிடையாது. இருந்தாலும் ஓல்போர்க்கில் பனிச்சறுக்குக் கடை நன்றாகவே ஓடும். ஈஸ்டர் விடுமுறை வந்தால் ஆட்கள் நோர்வேக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்தக் கடையின் பின்னறையில் பதினொரு வருடமாகச் சறுக்குப் பலகைகளுக்குப் பைண்டிங் பூட்டுகிறவன் நான். சப்பாத்தைப் பலகையோடு பிடித்துவைப்பதுதான் பைண்டிங். ரெலிமார்க் வகையில் முன்பாதம் மட்டும் பிடிபட்டிருக்கும், குதிக்கால் எழும்பும்.

2009 ஏப்ரலில் ஸ்ரிபன் புதுப் பலகைகளோடு வந்தான். ஆஸ்பத்திரியில் வேலை செய்பவன், எங்கள் பங்குக் கோவில் ஆள். அப்போது இலங்கையில், எங்கள் வன்னியில் கடைசிச் சண்டை. சண்டையை நிறுத்தச் சொல்லிக் கொப்பன்ஹேகனில் நடந்த ஊர்வலங்களுக்கு ஓல்போர்க்கிலிருந்து ஆள் சேர்த்தது நான்தான். வராதவர்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். மிரட்டுவதற்கல்ல, ஒரு ஒழுங்குக்காக. ஸ்ரிபனின் பெயர் அதில் மூன்று தடவை இருந்தது.

"அங்கை சனம் சாகுது. நீ சறுக்கப் போறியோ?" என்று கேட்டேன்.

"வீட்டிலை இருந்தா விசர் பிடிச்சிடும், லோரன்ஸ் அண்ணை. நாலு நாள் ரீவி இல்லாத இடத்திலை இருந்திட்டு வாறன். எந்தப் பைண்டிங் நல்லது?"

மலையில் பாரம் சுமந்து நடப்பவனுக்கு, குதிக்காலைச் சுற்றிக் கம்பி இழுத்துப் பிடிக்கும் வகைதான் நல்லது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஒரு வாடிக்கையாளருக்கும் நான் பிழையான பொருளை விற்றதில்லை.

அந்தப் பலகைக்குத் துளை மூன்று புள்ளி ஆறு மில்லிமீற்றர் இருக்கவேண்டும். நான் ஐந்தில் துளைத்தேன். பசை விடவேண்டிய இடத்தில், ஊர்வலத்தில் மிஞ்சிய மெழுகுதிரியை உருக்கி விட்டேன். திருகாணிகள் அழகாக இறங்கின; பிடிப்புத்தான் இல்லை. நோர்வே பொலிஸ் அந்த மெழுகைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. கவனமான ஆட்கள்.

காலை முறித்துக்கொண்டு வருவான், இனியாவது வீட்டிலிருந்து செய்தி பார்ப்பான் என்றுதான் நினைத்தேன். ஆனால் வானிலை அறிக்கையையும் பார்த்திருந்தேன். அதை மறைப்பது முறையல்ல. தங்கும் குடிலுக்கு ஒன்பது கிலோமீற்றர் இருக்கையில் பைண்டிங் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அவனோடு கூடப் போய், முன்னே சறுக்கிக்கொண்டிருந்த இரண்டு டெனிஷ்காரரும் பனிப்புயலில் அவன் பின்தங்கியதைக் காணவில்லை. மறுநாள் மத்தியானந்தான் உடலை எடுத்தார்கள்.

செத்தவீட்டு ஒழுங்குகளை நானே முன்னின்று பார்த்தேன். நன்றாக நடந்தது.

மே மாதம் சண்டை முடிந்து பத்தாம் நாள், அவன் மனைவி ஷாமிலாவுக்குச் சில பத்திரங்கள் நிரப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். அவள் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றாள். ரெலிபோன் அடித்தது; நான் எடுத்தேன். வவுனியா முகாமிலிருந்து ஒரு பெண்.

"தம்பி ஸ்ரிபனோ? அக்கா கதைக்கிறன். நான் உயிரோடை வெளியிலை வந்திட்டன்."

அவனுக்கு அங்கே ஒரு அக்கா இருந்தது எனக்குத் தெரியாது. அவன் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. ரிசீவரை வைத்துவிட்டேன்.

ஓம், நான்தான் செய்தேன். எங்கள் சனத்துக்காகத்தான் செய்தேன். அந்தச் சனத்தில் ஒருவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல்தடவை.