மாப்பிள்ளை முன்னாடி போட்ட மார்க்

சரி, அட்வைஸ் போதும். முன் வரிசையில ரெண்டு பேர் கொட்டாவியே விட்டாச்சு. ஒரு குட்டிக் கதை சொல்றேன், கேளுங்க.

தென்காசிப் பக்கம் கோமதிநாயகம்னு ஒருத்தர். பாத்திரக்கடை முதலாளி. வருஷக்கணக்கா இடுப்பு வலி. உட்கார்ந்தா எந்திரிக்க முடியாது... எந்திரிச்சா உட்கார முடியாது. ஆனா ஊர்ல யாருக்காவது தெரியுமா? மூச்! கௌரவம்யா, கௌரவம்!

இந்த நேரம் பார்த்துத் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து வருது. பிள்ளையை யார் மடியில வைக்கணும்? ஆங்... தாய்மாமன் மடியில! சம்மணம் போட்டு உட்காரணும், கத்தித் துள்ளுற பிள்ளையை இறுக்கிப் பிடிக்கணும். "அண்ணே, உன் மடியிலதான்"னு தங்கச்சி சொல்லிட்டா. மனுஷன் பிசியோதெரபி டாக்டர் ஷாகிராகிட்ட ஓடினார்.

அந்தம்மா நடக்கிற மெஷின்ல ஏத்திவிட்டுச் சொன்னாங்க: "சார், வலின்னு படுத்தே கிடந்தா சரியாகாது. அளவா நடக்கணும். எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு பத்துக்கு நீங்களே மார்க் போடுங்க. நாலு வந்தா சொல்லுங்க, அதுதான் உங்க அளவு." எவ்வளவு சுலபம்! உண்மையைச் சொன்னா போதும். அங்கதானே நமக்கு இடிக்குது?

ஏன்னா எதிர் நாற்காலியில உட்கார்ந்திருக்கிறது யாரு? "சும்மா ஒரு செக்கப்"னு இவர் சொன்னதை நம்பி வண்டியில கூட்டிட்டு வந்த தங்கச்சி புருஷன். மாப்பிள்ளை!

"எவ்வளவு சார்?"

"ரெண்டும்மா."

வேகத்தைக் கூட்டினாங்க. "இப்ப?"

மாப்பிள்ளை செல்போன்லேர்ந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறார். நம்மாளு பல்லைக் கடிச்சுக்கிட்டு... "ரெண்டு... தாம்மா."

"வேர்த்துக் கொட்டுதே சார்?"

"அது... எங்க... பரம்பரைம்மா."

ஆகா! வேர்வையில கூட பரம்பரைப் பெருமை! மாப்பிள்ளை சும்மா இருப்பாரா? "மச்சானுக்கு இதெல்லாம் தூசி டாக்டர், இன்னும் கூட்டுங்க!"

கூட்டினாங்க. இடுப்பு பிடிச்சுக்கிச்சு.

காதுகுத்து அன்னிக்கு மண்டபத்துல மேளம். தாய்மாமன் வீட்டுல மல்லாக்கப் படுத்திருக்கார். பிள்ளை யாரோ ஒரு சித்தப்பா மகன் மடியில உட்கார்ந்து, "மாமா எங்க... மாமா எங்க"ன்னு அழுதுச்சு. அதை வீடியோ கால்ல காட்டினது யாரு? அதே மாப்பிள்ளை! மனுஷன் உடைஞ்சு அழுதுட்டார். அந்த அழுகைக்கு எத்தனை மார்க் போடுவீங்க? சொல்லுங்க.

உடம்பு தேறினதும் மறுபடி போனார். இந்தத் தடவை தனியா. மெஷின்ல ஏறினார்.

"எவ்வளவு சார்?"

"எட்டும்மா!"

"சார்... நான் இன்னும் சுவிட்சே போடலையே!"

சிரிக்காதீங்க. அன்னிக்கு வீம்பு மார்க் போட்டுச்சு, இன்னிக்குப் பயம் மார்க் போடுது. இடுப்பை யாருமே கேட்கலை! அந்தம்மா என்ன செஞ்சாங்க தெரியுமா? "மார்க்கை விடுங்க சார். உங்க மாப்பிள்ளையைப் பத்திச் சொல்லிக்கிட்டே நடங்க."

அவ்வளவுதான்... கொட்டித் தீர்த்தார்! மெஷின் வேகம் ஏறுது, இவர் நிறுத்தவே இல்ல. ஒரு கட்டத்துல "அந்த ஆளு... இருக்காரே... அவரு..."ன்னு மூச்சு வாங்குச்சு. அந்தம்மா டக்குனு ஒரு புள்ளி குறைச்சாங்க. மறுபடி முழுசா திட்ட வந்துச்சு. "இதுதான் சார் உங்க அளவு. இதை விடக் கூட்டவும் வேண்டாம், பயந்துக்கிட்டு நிறுத்தவும் வேண்டாம்."

இப்ப உங்ககிட்ட வர்றேன், வாக்கர்ஸ் சங்கப் பெருமக்களே! பேசிக்கிட்டே நடக்க முடியுதா? நடங்க. வார்த்தை அறுந்து அறுந்து வருதா? குறைங்க. பக்கத்துல போறவர் வேகம் உங்க வேகம் இல்ல.

சரி, இடுப்பு வலி இருக்கிறவங்க கை தூக்குங்க பார்ப்போம்... ஒரு கை கூட இல்லையா? பேஷ்! பேஷ்! கேள்வி கேட்டதும் அத்தனை பேரும் பக்கத்துச் சேரைத் திரும்பிப் பார்த்தீங்களே... அதைத்தான்யா இவ்வளவு நேரமா சொல்லிக்கிட்டிருக்கேன். நாளைக்கு நீங்க படுத்துட்டா, உங்க பேத்தியை அந்தப் பக்கத்துச் சேர்காரரா வந்து மடியில வச்சுக்கப் போறார்?