லூயி தொரை போட்ட கோடு

— தண்ணி குடிச்சிட்டு விஷயத்தைச் சொல்றேன்னு உள்ள வந்த. இப்ப சுவத்தையே பார்த்துக்கிட்டு நிக்கற. உன் பேரு என்ன சொன்ன?

— அஞ்சலாட்சிம்மா. தண்டவாளத்துல கேங்கு வேலை. இந்தப் படத்துக்குக் கீழ இன்னா எழுதியிருக்கு… லூ… யி. லூயி! ரயில் மதகு கட்டின லூயி தொரையா இவரு?

— தொடாத! கண்ணாடியில விரல் படும். அலோர்… அப்போ, அவரை உனக்கு எப்படித் தெரியும்?

— எங்க கேங்குல எல்லாருக்கும் தெரியும். ஆனா தொரைன்னதும் வெள்ளக்காரருன்னு இல்ல நெனச்சிருந்தோம். தோ, நம்ம கலருதான்!

— வெள்ளைக்காரரா? லூயி சவரிநாதர். எங்க தாத்தாவுக்குத் தாத்தா, நெல்லித்தோப்புல பொறந்தவரு. நிலம் அளக்கற தொரைங்களுக்குச் சங்கிலி பிடிக்கப் போனவரு, அவங்க அளவுலயே தப்பு கண்டுபிடிச்சாரு. அப்புறம்தான் படிக்க அனுப்பினாங்க. எஞ்சினியரா திரும்பி வந்து பாதை போட்டாரு. கடைசி இருபது வருஷம் லைன் முழுக்க அவரு பொறுப்பு. பிரெஞ்சுல சொன்னா டிரெக்தேர்! அவரு போட்டிருக்கற கோட்டுல பதக்கம் குத்தியிருக்கு பாரு, மெதாய்.

— சங்கிலி புடிச்சவரா? அப்ப எங்காளுதாம்மா.

— நல்லாப் பேசற. சரி, வந்த விஷயம்?

— மூணு மணிக்கு என்கொயரிம்மா. வேலை நிக்குதா போவுதான்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும். மதகுச் செவுத்துல பழைய கல்லு ஒண்ணு, அதுல ஒரு கோடு. 'லூயி தொரை போட்ட கோடு, தண்ணி தொட்டா வண்டிய நிறுத்து'ன்னு மேஸ்திரி சொல்லித்தான் மழை ரோந்துக்கு அனுப்புவாரு. அவருக்கு அவரோட மேஸ்திரி சொன்னது. போன மாசம் பெருமழையில தொட்டுச்சு. சிவப்புக் கொடிய நீட்டிட்டேன். காலை வண்டி நாப்பது நிமிஷம் நின்னுச்சு.

— காலை வண்டியா? போன மாசமா?

— ஆமாம்மா. மதகுக்கு ஒண்ணும் ஆவல. அதான் வெனை. 'நாங்க பெயிண்ட்டு அடிச்ச கோடு ஒரு முழம் மேல இருக்கு, உன் கல்லு எந்தப் புஸ்தகத்துல இருக்கு?'ன்னு ஆபீசர் கேக்கறாரு. பத்தாததுக்கு ஒரு பாசஞ்சரு கம்ப்ளெயிண்ட்டு. ஃபிளைட்டு போயிடுச்சாம். 'கொடி பிடிக்கிறவளுக்கு என்ன தெரியும்'னு எழுதியிருக்காங்க.

— ஃபிளைட்டை விட்டவங்களுக்கு ஆத்திரம் இருக்காதா? பாரீஸ்ல பேரப்பிள்ளை ஞானஸ்நானமோ என்னவோ.

— இருக்கட்டும்மா. தொரை எழுதின காயிதம் எதுனா வீட்டுல கெடக்குதா?

— கெடக்குதா! பீரோவுல பட்டுத்துணி சுத்தி வெச்சிருக்கு அவரோட நோட்டு. நாலு தலைமுறையா வாசப்படி தாண்டினதில்ல… இரு, எடுக்கறேன். பிரெஞ்சுல இருக்கு, தமிழ்ல சொல்றேன். 'மதகுக் கல்லில் கோடு வெட்டினேன். இங்கே அடிமண் மணல். தண்ணீர் கோட்டைத் தொட்டுவிட்டால், ஏறும்போது அல்ல, வடியும்போது கரையை உள்ளிருந்து இழுத்துப் போகும்.'

— அதேதாம்மா! தண்ணி வடிய ஆரம்பிச்சப்பதான் செவுத்துக்குப் பின்னாடி செக்கச்செவேல்னு கலங்கி வந்துச்சு. ஜல்லி ஒரு பக்கமா சரிஞ்சுச்சு. நாங்க நாலு பேரு இடுப்பளவு தண்ணியில எறங்கி மண்ணு மூட்டை அடுக்கினப்புறம்தான் வண்டிய விட்டேன். அத யாரும் எழுதல.

— வண்டியில இருந்தவங்க அதைப் பார்க்கல.

— கதவை மூடிக்கிட்டு இருந்தாங்க. மழை இல்ல?

— இன்னும் இருக்கு, கேளு. 'வண்டியில் கவர்னரே இருந்தாலும் நிறுத்து. காவலாள் நிறுத்திய பிறகு மதகு அசையாமல் நின்றுவிட்டால், அவனைக் கேள்வி கேட்காதீர்கள். கோடு என்னுடையது. என்னைக் கேளுங்கள்.' கீழ கையெழுத்து.

— இன்னொரு தபா சொல்லுங்கம்மா, கடைசிய மட்டும்.

— 'கோடு என்னுடையது. என்னைக் கேளுங்கள்.' அழறியா?

— இல்லம்மா. இருபத்திரண்டு வருஷமா ஜல்லி கொட்டி ஒடம்பு ஓஞ்சு கெடக்கு. இப்ப முதுகு நிமிந்துக்குது. எனக்குப் பதில் சொல்ல ஒருத்தரு அப்பவே எழுதி வெச்சிருக்காரே!

— அவரு காலத்துல இந்த லைன்ல ஒரு உயிர் போகலன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் பீத்திக்குவேன். எப்படிப் போகாம இருந்துச்சுன்னு யோசிச்சதே இல்ல.

— அந்த ஒரு பக்கத்தை செராக்ஸ் எடுத்துக் குடுங்கம்மா, போதும்.

— செராக்ஸா? நோட்டோட நானே வரேன். அந்த ஆபீசருக்கு முன்னாடி நின்னு நானே படிக்கறேன். லூயி சவரிநாதர் வீட்டுப் பொண்ணு வந்திருக்கான்னு சொல்லு… இரு அஞ்சலாட்சி. கிளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். அந்தக் கம்ப்ளெயிண்ட்டு எழுதினது நான்தான்.

— தெரியும்மா. அதுல இருந்த உங்க பேரையும் விலாசத்தையும் எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டு, வாபஸ் வாங்குங்கன்னு உங்க கால்ல விழத்தான் வந்தேன். இனிமே விழ மாட்டேன்.