ஜீப்போடு போகாத ஆட்கள்

கம்பத்திலிருந்து தேனிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு புருஷன் பெண்சாதி. தங்கள் ஜீப் தொழிலை விற்றுக் கையெழுத்துப் போடப் போகிறார்கள்.

"என்னையும் சேத்தா வித்திருக்கீக?" என்றார் அந்த அம்மா, புருஷன் மடியிலிருந்த விற்பனைப் பைலைப் புரட்டியபடி. சண்டையாகிவிடுமோ என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மெதுவாப் பேசு. ரெண்டு ஜீப்புக்கு ஒரு வெல, குட்வில்லுக்குத் தனி வெல."

"அது என்ன குட்வில்லு?"

"ஏலத்தோட்ட வேலைக்கு நம்ம ஜீப்புல ஏறுற பொம்பளையாளுக. வண்டி கைமாறினாலும் அவுக வருவாகல்ல, அதுக்கு."

"யாரு கூப்பிட்டு வருவாக? எத்தன ஆளு வேணும்னு தோட்டத்துச் சூப்பர்வைசர் யாருக்குப் போன் போடுறாரு? வீடு வீடாப் போயி ஆள் சேக்கிறது யாரு? அதுல ஒருத்தி பேராச்சும் உங்களுக்குத் தெரியுமா?"

"செல்வி..."

"அவ கல்யாணமாகிப் போடிக்குப் போயி மூணு வருசமாச்சு. பெரிய மொதலாளி!"

அவர் குரல் இறங்கியது. "அட்வான்ஸ் வாங்கிட்டேன். நீ ஆறு மாசம் ஆள் சேத்துக் குடுத்தாத்தான் வாங்குறவரு குட்வில் பணம் தருவாராம்."

"அப்ப ஜீப்ப நீங்க வித்துக்கங்க. ஆளுகளுக்கு நான் வெல சொல்றேன். அந்தப் பணம் என் கைக்குத்தான் வரணும்."

தேனி வந்தது. அவர் மடியிலிருந்த பைலை எடுத்துக்கொண்டு அந்த அம்மாதான் முதலில் இறங்கினார்.