படுக்கையில் விடச் சொன்ன டாக்டர்

1999 மார்ச், மலேசியாவில் லிங்கியிலிருந்து சிரம்பான் போகும் பஸ் என்று தேதியிட்டு வைத்த குறிப்பு இது. முன் இருக்கையில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவும் அம்மாள் ஒருவரும் அவருடைய நாத்தனாரும் இருந்தார்கள்.

“பக்கவாதத்துல மூளையில செத்தது திரும்ப வராது, நடக்க வச்சுப் பழக்க வேணாம்னு டாக்டர் சொன்னாரு. நானும் உங்கண்ணனை ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே விட்டுட்டேன். இப்ப யுனிவர்சிட்டியில படிக்கிற மக சொல்றா, மூளைக்குள்ளேயே புது செல்லைப் பெத்துப் போடுற தாய் செல் இருக்காம். அதுல உள்ள புரோட்டீனையெல்லாம் ஒட்டுமொத்தமாப் பிரிச்சுப் பார்க்கிறாங்களாம்.”

“டாக்டருக்குத் தெரியாதா அண்ணி?”

“ஆழமாச் சீவி மரத்தைக் காயப்படுத்துனா வேலையை மேற்பார்க்கிற மண்டோர் நம்மளை ஏசுறாரு. காயம் பட்ட இடத்துல பட்டை சரியா வளராதுங்கிறாரு. இந்த டாக்டரை யாரு ஏசுறது?”

“அண்ணன் என்ன மரமா?”

“மரமாவது நிக்குது. இன்னைக்கு நான் எழுப்பி நடக்க வைக்கப் போறேன். நீ அந்தப் பக்கம் பிடி லா.”

“மக சொன்னது மனுசன் மூளையா, எலி மூளையா? கேட்டீங்களா?”

“கேக்கல. எலியா இருந்தாலும் நீ வந்து பிடி.”

இருவரும் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கினார்கள். மகள் படித்த ஆராய்ச்சி எலியில் நடந்ததா, மனிதரில் நடந்ததா என்பதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை.