அவர் சொல்ற போ

இல்லம்மா, உங்களைச் சொல்லல. தண்ணி கேக்கறார். சின்னதா, வெடுக்குன்னு ஒரு போ வந்தா தண்ணி. உக்காருங்க, உக்காருங்க. மொத தடவை வர்றவங்க எல்லாருமே இப்படித்தான் எந்திரிச்சுடுவாங்க.

இங்க பாருங்க, தலையை லேசாத் தூக்கிக்கிட்டு, ஸ்பூன்ல. டம்ளர் வேணாம், புரையேறும். போதும்னா அவரே வாயை மூடிக்குவார். அதுக்கு வார்த்தை கிடையாது.

கிளம்பறேம்மா, கிளம்பறேன். நான் ரெண்டு மணி நேரம் வெளிய போயிட்டு வரட்டும்னுதானே ஆஸ்பத்திரியில உங்களை அனுப்பியிருக்காங்க. நானேதான் நேத்து போன் போட்டுக் கேட்டேன். கேட்டுட்டு இப்ப செருப்பைக் காணோம்னு தேடிக்கிட்டிருக்கேன். கால்லயா? ஆமா, கால்லதான் இருக்கு.

பஸ்ல கண்டக்டரா இருந்தார். காலைல ஏறினா எறங்கற வரைக்கும் உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத, உள்ள போ. பக்கவாதம் வந்து வாய் இழுத்துக்கிச்சா, மத்த வார்த்தை எல்லாம் போயிடுச்சு, போ மட்டும் போகல. ரொம்பப் பொழங்கின வார்த்தை சில பேருக்குத் தங்கிடுமாம், டாக்டர் சொன்னார். அப்ப என் பேர் ஏன் தங்கலன்னு நான் கேக்கல. என்னிக்குப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்? இந்தா, இங்க பாரு, அவ்வளவுதானே.

இழுத்து போஓஓன்னா ஒருக்களிச்சுப் படுக்கணும்னு அர்த்தம். தோளுக்கும் இடுப்புக்கும் கையைக் குடுத்து மொத்தமாப் புரட்டணும். கையைப் புடிச்சு மட்டும் இழுத்துடாதீங்க. முட்டிக்கு நடுவுல இந்தச் சின்னத் தலகாணி. போ போன்னு ரெட்டையா வந்தா துணி மாத்தணும். மாத்தறப்ப முகத்தைப் பாக்காதீங்க, வெக்கப்படுவார். ஏதாவது பேசிக்கிட்டே மாத்துங்க. வெயிலைப் பத்தி, வெலவாசியைப் பத்தி. நான் எதிர் வீட்டுக்காரியைத் திட்டுவேன். நல்ல மனுஷி, பாவம், அவளுக்குத் தெரியாது.

ஒரு நாள் இவரோட அக்கா பாக்க வந்தாங்க. கட்டில் பக்கம் குனிஞ்சு, தம்பி, யாரு வந்திருக்கேன் பாருன்னாங்க. போன்னுட்டார். அண்ணி, அது தண்ணி அண்ணின்னு நான் வாசப்படி வரைக்கும் ஓடினேன். என் தம்பியைப் பத்தி எனக்குத் தெரியாதா, நீ மழுப்பாதன்னாங்க. கொண்டு வந்த ஆரஞ்சையும் கையோட எடுத்துட்டுப் போயிட்டாங்க. அப்புறம் வரல.

நானா? எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். மோஷன் ஒழுங்காப் போகுது, கஞ்சி எறங்குது, நெஞ்சுலதான் சளி. ஓ, என்னையா கேட்டீங்க? நான் இவரைச் சொல்லிட்டேன்.

எங்க போகப் போறேன்னா என்னத்தைச் சொல்ல. போன தடவை வந்த பொண்ணுகிட்ட கடைக்குன்னு சொல்லிட்டு மாடிப்படியில உக்காந்துட்டு வந்தேன். மேல் வீட்டுக்காரர் தாண்டிப் போறப்ப என்னம்மா இங்கன்னார். சாவி தொலைஞ்சிருச்சுன்னேன். பாவம், அவரும் சேர்ந்து தேடினார்.

இதோ, பையை எடுத்துட்டேன். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். நேத்து துணி மடிச்சிட்டிருந்தேன். மெதுவா ஒரு போ. அதட்டலே இல்ல. தண்ணி குடுத்தேன், வாயைத் தொறக்கல. புரட்டிப் போட்டேன், அதுவும் இல்ல. துணி காஞ்சுதான் இருக்கு. என்னையே பாத்துக்கிட்டு மறுபடியும் அதே போ. இத்தனை நாள்ல அப்படி ஒண்ணு நான் கேட்டதில்ல. சரி, மனுஷன் என்னைத்தான் சொல்றார், எங்கயாவது கொஞ்சம் போயிட்டு வான்னு சொல்ல வந்து, பாதியில நின்னுடுச்சுன்னு நெனச்சேன். அதான் உங்க ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

அப்புறம் ராத்திரி படுத்தா வேற மாதிரித் தோணுது. இனிமே இங்க வச்சுக்க வேணாம், வீட்லயே வச்சுப் பாத்துக்கங்கன்னு அனுப்பிச்சவங்கதானே நீங்க. போயிட்டு வான்னு சொல்ல வந்தா மட்டுமா போவுல நிக்கும்? போறேன்னு சொல்ல வந்தாலும் அங்கதான் நிக்கும்.

அதனால அப்படி மெதுவா ஒண்ணு வந்தா, நீங்க தண்ணி கிண்ணி குடுத்துட்டிருக்காதீங்க. கதவைத் தொறந்து ஒரு குரல் குடுங்க. மாடிப்படியிலதான் இருப்பேன்.